சாகா குடியரசு: உறைந்த நிலத்தில் எங்கள் நாட்கள்

கோவையிலிருந்து எங்கள் இணையக் குழு உறுப்பினர் ஒருவர்

ரஷ்யாவின் சைபீரியாவில் உள்ள சாகா குடியரசின் தலைநகர் யாகுத்ஸ்க். அதன் விமான நிலையக் கதவைத் தாண்டிய அரை நிமிடத்தில் என் மூக்குக்கண்ணாடியின் உலோகச் சட்டம் கன்னத்தைச் சுட்டது. சுட்டது என்றே சொல்ல வேண்டும். மைனஸ் 46 டிகிரியில் இரும்பு தோலில் படும்போது எழும் வலிக்கும் அடுப்புச் சூட்டுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஜனவரி மாதம் அது. வீடுகளின் புகையும் வண்டிகளின் புகையும் மேலே எழ வழியின்றித் தெருவிலேயே உறைந்து நிற்பதால், பத்தடி முன்னே போகிறவரின் முதுகுகூட மங்கலாகத்தான் தெரிந்தது. அந்தப் பனிமூட்டத்தின் நடுவே, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைனஸ் 45-இல் விடுமுறை விட்டுவிடுவார்கள் என்றும், பெரிய வகுப்புப் பிள்ளைகள் இன்னும் குளிர வேண்டுமே என்று காத்திருப்பார்கள் என்றும் நான் தங்கிய வீட்டு அம்மையார் சொன்னபோது, மழை விடுமுறைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் பள்ளிப்பருவம் நினைவுக்கு வந்தது.

பரப்பில் இந்தியாவைவிடச் சற்றே சிறியது சாகா குடியரசு. அவ்வளவு பெரிய நிலத்தில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தத் தலைநகரில் இருக்கிறார்கள். நகரத்தில் முதலில் என் கண்ணில் பட்டது கட்டடங்களின் கால்கள். ஒவ்வொரு அடுக்குமாடியும் கான்கிரீட் தூண்களின் மேல் தரைக்கு ஓர் ஆள் உயரம் இடைவெளி விட்டு நிற்கிறது. வீட்டுக்குள் மூட்டும் சூடு கீழே இறங்கினால் உறைந்த மண் இளகும், மண் இளகினால் கட்டடம் சாயும் என்பதே காரணம். அப்படிச் சாய்ந்துபோன பழைய மர வீடுகள் இன்னும் சில தெருக்களில் இருக்கின்றன. அவற்றின் சன்னல்கள் சாலையோரத்துச் சேற்றில் பாதி புதைந்திருக்கும். வெந்நீர்க் குழாய்களையும் எரிவாயுக் குழாய்களையும் மண்ணுக்குள் பதிக்க முடியாது. ஆகவே அவை தெருவின் குறுக்கே வளைவு கட்டி, கோயில் வீதியில் தோரணம் கட்டியதுபோல், தலைக்கு மேலே செல்கின்றன.

இதே ஊரில் 1828-ஆம் ஆண்டு ஷெர்கின் என்ற வணிக நிறுவன முகவர் குடிநீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். 1837 வரை வெட்டி 116 மீட்டர் ஆழம் போன பிறகும் உறைந்த மண்தான் வந்தது, நீர் வரவில்லை. நம் ஊரில் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டுப் புழுதியைப் பார்த்தவர்களுக்கு அவருடைய மனநிலை புரியும். ஆனால் அந்த வெற்றுக் கிணறு பயனற்றுப் போகவில்லை. பின்னர் 1840-களில் மிடென்டோர்ஃப் என்ற அறிஞர் அதற்குள் இறங்கி ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலை அளந்தார். உறைநிலத்தைப் பற்றிய அறிவியலுக்கு அது அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

யாகுத்ஸ்கிலிருந்து, கடுங்குளிருக்குப் பேர்போன ஓய்மியாக்கோன் என்ற சிற்றூருக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். லேனா ஆற்றின் மீது அப்போது பாலம் கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே சாலை அமைத்து, எவ்வளவு எடை தாங்கும் என்று பலகை வைத்துவிடுகிறார்கள். எங்கள் ஓட்டுநர் பழைய ரஷ்ய வேன் ஒன்றை இரண்டு நாள் ஓட்டினார். அந்த இரண்டு நாளும் அவர் எஞ்சினை அணைக்கவே இல்லை, சாப்பிட நின்றபோதும், இரவு வழியில் கந்திகா என்ற ஊரில் தூங்கியபோதும்கூட. அந்தச் சாலைதான் மகதான் வரை செல்லும் கொலிமா நெடுஞ்சாலை. 1930-களிலிருந்து சிறைமுகாம் கைதிகளைக் கொண்டு வெட்டப்பட்டதாலும், அந்த வேலையில் மாண்டவர்கள் எண்ணற்றவர்கள் என்பதாலும், அதற்கு எலும்புச் சாலை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஓட்டுநர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை; நான் கேட்டபோது தலையை மட்டும் அசைத்தார். ஆனால் மலைக்கணவாய் ஒன்றில் வேனை நிறுத்தி, குதிரை மயிரும் துணிக்கீற்றுகளும் கட்டப்பட்டிருந்த மரத்தின் அடியில் ஓர் அப்பத்தை வைத்துவிட்டு வந்தார். நம் மலைப்பாதைகளில் லாரிக்காரர்கள் இறங்கிச் சூடம் ஏற்றுவதைப் பார்த்தவனுக்கு அதை விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஓய்மியாக்கோனில் 1933 பிப்ரவரியில் மைனஸ் 67.7 டிகிரி பதிவாயிற்று. நான் போனபோது மைனஸ் 53. வீட்டு வாசலில் விறகடுக்கின் பக்கத்தில் கண்ணாடிப் பாளங்கள்போல் எதையோ அடுக்கி வைத்திருந்தார்கள். அது குடிநீர். நவம்பரில் ஆறும் ஏரியும் போதிய தடிமனுக்கு உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்துக் கொண்டுவந்து வெளியே வைத்துவிட்டு, தேவைக்கு ஒரு துண்டை உள்ளே எடுத்துவந்து அடுப்போரத்துப் பீப்பாயில் உருக்கிக்கொள்கிறார்கள். அந்த நீரில் போட்ட தேநீரின் சுவை எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. உறைந்த மீனைச் சீவி உப்பும் மிளகும் தொட்டுத் தின்னும் ஸ்ட்ரோகனினாவை மட்டும் இரண்டாவது சீவலோடு நிறுத்திக்கொண்டேன்.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்

நீங்கள் கண்ட ஊரின் மறுபக்கத்தை நான் பார்த்தேன். ஜூன் இறுதியில் போனேன். யாகுத்ஸ்கில் அன்று 33 டிகிரி வெயில், சென்னையிலிருந்து கிளம்பியது வீண் என்று தோன்றியது. அதே குடியரசின் வெர்கோயான்ஸ்கில் குளிர்காலத்தில் மைனஸ் 67.8 வரை இறங்கியிருக்கிறது, 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி வரை ஏறியிருக்கிறது. ஓர் ஊரே நூறு டிகிரிக்கு மேல் ஏறி இறங்குகிறது என்றால், அங்கே குளிரை மட்டும் பேசுவது பாதி உண்மைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கொசு. குளிருக்குக் கம்பளி இருக்கிறது, அந்தக் கொசுவுக்கு எதுவும் இல்லை. படகில் லேனாவைக் கடக்கும்போது நடு ஆற்றில் மட்டும் அவை சற்றே விலகின.

கோடையின் தொடக்கத்தில் வரும் இஸ்யாக் திருவிழாவை ஊருக்கு வெளியே பெரும் புல்வெளியில் கொண்டாடுகிறார்கள். குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸைத் தீயிலும் புல்லிலும் தெளித்து வேண்டிக்கொள்கிறார்கள். பிறகு கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுகிறார்கள், வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. இரவு என்று சொல்ல எதுவும் இல்லாததால் விடிந்த கணத்தைக் கொண்டே நாளைப் பிரிக்கிறார்கள். எழும் சூரியனை நோக்கி எல்லோரும் உள்ளங்கையை விரித்து நின்றபோது நானும் நின்றேன்.

பிறகு சுராப்சா பக்கம் போனேன். வயல் ஒன்று பெரிய அம்மைத் தழும்புபோல் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. மண்ணுக்கடியில் இருந்த பனிக்கட்டி உருகி, மேலே இருந்த நிலம் உள்வாங்கியிருக்கிறது என்றார்கள். இதே விளைநிலத்தில் முன்பு டிராக்டர் ஓடியதாம். அந்த வீட்டுக்காரர், கோடையிலும் இறைச்சி கெடாதிருக்கத் தன் தாத்தா மண்ணுக்குள் தோண்டிய புளூஸ் என்னும் குளிர்க்கிடங்கை எனக்குத் திறந்து காட்டினார். உள்ளே ஈரம் கசிந்திருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசாமல் கதவை மூடிவிட்டார்.

சூரத்தில் வைரப் பட்டறையில் பணிபுரியும் ஓர் உறுப்பினர்

நான் தொழில் நிமித்தமாக இதே குடியரசின் வைரச் சுரங்க நகரமான மிர்னிக்குச் சென்றவன். அங்கே எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: உலகத்துக்கெல்லாம் செல்வத்தைப் பங்கிட்டுக்கொண்டு வானத்தில் பறந்த கடவுளுக்குச் சாகா நிலத்தின் மேல் வந்ததும் கை விறைத்துப் போயிற்று, மூட்டையில் இருந்ததெல்லாம் கீழே கொட்டிவிட்டது. தங்கமும் நிலக்கரியும் எரிவாயுவும் வைரமும் ஒரே குடியரசில் இருப்பதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம் இதுதான்.

உண்மையான கதையும் சுவை குறைந்ததன்று. 1954-இல் லரிசா பொபுகாயெவா என்ற நிலவியலாளர் ஆற்று மணலில் கிடைத்த சிவப்புப் பைரோப் கற்களின் தடத்தைப் பற்றிக்கொண்டு ஓடைமேல் ஓடையாக நடந்து, சோவியத் நாட்டின் முதல் வைரக் குழாய்ப்பாறையை, அதாவது நிலத்தின் ஆழத்திலிருந்து குழாய்போல் மேலெழுந்து வைரத்தைச் சுமந்துவந்த பாறையை, கண்டுபிடித்தார். பைரோப் நம் கோமேதகத்துக்கு உறவான கல். வைரத்தைவிட மலிவானது, ஆனால் வைரம் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது. அடுத்த ஆண்டு மிர் (ரஷ்ய மொழியில் சமாதானம்) குழாய்ப்பாறையைக் கண்டவர்கள், சமாதானப் புகைக்குழாயைப் பற்றவைத்துவிட்டோம், புகையிலை அருமை என்று சங்கேதத் தந்தி அனுப்பினார்கள். அந்த இடத்தில் இப்போது 525 மீட்டர் ஆழமும் 1.2 கிலோமீட்டர் அகலமும் உள்ள பெருங்குழி இருக்கிறது. வீடுகள் அதன் விளிம்புக்கு அருகிலேயே நிற்கின்றன. 2001-இல் திறந்தவெளித் தோண்டல் நின்றது, பின்பு நிலத்தடியில் நடந்த வேலையும் 2017-இல் நீர் புகுந்ததால் நின்றுபோயிற்று. அந்த விபத்தில் எட்டுத் தொழிலாளர்கள் மீண்டு வரவில்லை. பார்வை மேடையில் நின்று கீழே பார்த்த எனக்கு, நாள்தோறும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் கற்களின் எடையைப் பற்றி முதல்முறையாக வேறு கணக்கு ஓடியது.

கோவை உறுப்பினர், மீண்டும்

தனிச் செய்தியில் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடிக்குப் பிளாஸ்டிக் சட்டம் போடுங்கள். கேமரா மின்கலங்களை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். வெளியில் கால்மணி நேரத்தில் அவை சோர்ந்துவிடும். வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவைப் பையில் இறுக மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வந்ததும் வில்லையெல்லாம் நீர் கோத்துவிடும். இங்கிருந்து கொண்டுபோன காலணி முதல் நாளே கல்லாகிவிட்டது. கலைமானின் கால்தோலில் தைத்த உந்தி என்னும் காலணியை வீட்டு அம்மையார் இரவல் தந்தார். திருப்பிக் கொடுக்கும்போது அவர் அதன் உட்பக்கத்தில் கைவிட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.