வாய்க்காலில் கிடந்தது எங்கள் வீட்டு டிவி: பழைய சாமான்களை நீங்கள் யாரிடம் கொடுத்தீர்கள்?

சாரல்காரன், செங்கோட்டை

சித்திரையில் ஓடு மாற்றுவதற்காக வீட்டு மச்சைக் காலி பண்ண வேண்டி வந்தது. மேலே கிடந்ததை எல்லாம் இறக்கி முற்றத்தில் பரப்பியபோதுதான் தெரிந்தது, இருபது வருஷமாக நாங்கள் எதையுமே வெளியே அனுப்பவில்லை என்று. 2006-ல் அறிவித்து எங்கள் தெருவுக்கு இரண்டு வருஷம் கழித்து வந்த 14 இன்ச் இலவச கலர் டிவி, 2011-க்கு அப்புறம் வந்த இலவச மிக்சி, ஃபேன், செட்டாப் பாக்ஸ் மூன்று, ஒரு யுபிஎஸ், எந்த போனுக்கு வாங்கியது என்றே தெரியாத சார்ஜர்கள் ஒரு சாக்கு. கொல்லைப் பக்கம் 1998-ல் வாங்கிய ஃபிரிட்ஜ், அம்மா அதற்குள் புளியும் வத்தலும் வைத்திருக்கிறார்.

குட்டியானை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருகிற பழைய இரும்பு வியாபாரியைக் கூப்பிட்டேன். டிவிக்கு 150 ரூபாய், மற்றதற்கெல்லாம் சேர்த்து 400. ஃபிரிட்ஜை மறுநாள் எடுப்பதாகச் சொன்னார். நல்லவேளை, வரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனேன். வாய்க்கால் மடை பக்கத்தில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் கூடு கவிழ்ந்து கிடந்தது. புரட்டிப் பார்த்தால் ஓரத்தில் பண்பொழி திருமலைக்கோயில் முருகன் ஸ்டிக்கர், பாதி கிழிந்து. அம்மா ஒட்டியது. பக்கத்தில் பிக்சர் டியூபின் கழுத்தை உடைத்து அதில் சுற்றியிருந்த செம்புக் காயிலை உருவியிருக்கிறார்கள். உள்ளிருந்த சர்க்யூட் போர்டு இல்லை. கரையில் வயர் எரித்த இடம் வட்டமாகக் கறுத்து, கல்லில் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. டியூப் கண்ணாடி சில்லு சில்லாக வாய்க்காலுக்குள். அந்தத் தண்ணீர்தான் என் நாற்றங்காலுக்கு வருகிறது.

எங்கள் ஊர் டிவி மெக்கானிக் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். டியூபிலிருந்து எக்ஸ்ரே கதிர் வெளியே வராமல் தடுக்க அதன் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பார்கள் என்றார். காயிலுக்குக் காசு, போர்டுக்குக் காசு, கண்ணாடியை மட்டும் யாரும் வாங்குவதில்லை. விஷம் இருப்பது எதிலோ அதைத்தான் வீசிவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் இன்னொன்று. 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டியபோது நாங்கள் எவ்வளவு கொதித்தோம்! பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளக்காரர்களே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனார்கள். இன்றும் கேரள எல்லையில் இருக்கிற புளியரை சோதனைச் சாவடியில் குப்பை லாரி என்று சந்தேகம் வந்தால் எங்கள் ஆட்கள் மறித்து நிற்பார்கள், அது சரிதான். ஆனால் என் வாய்க்காலில் கிடந்தது மலை தாண்டி வந்ததில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்று நானே கைப்பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டது.

ரப்பர் கையுறை போட்டு, சாக்கு நனைத்து, கிடைத்த சில்லை எல்லாம் பொறுக்கினேன். இரண்டு மூட்டை, மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. இதையும் அந்த ஃபிரிட்ஜையும் யாரிடம் கொடுப்பது? உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அக்கா

தம்பி, நாங்கள் பாலக்காட்டு ஜில்லாவில் இருக்கிற தமிழ்க் குடும்பம், பஞ்சாயத்து கேரளம். இங்கே ஹரித கர்ம சேனை என்று பெண்கள் மாதாமாதம் வீட்டுக்கு வருவார்கள், பச்சை உடுப்பு. வாசலில் ஒட்டியிருக்கிற கியூஆர் கோடை போனில் ஸ்கேன் பண்ணிவிட்டு பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போவார்கள், மாதம் 50 ரூபாய். ஆரம்பத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேர் "குப்பைக்குக் காசு வேறயா" என்று சண்டை போட்டோம், நானும் போட்டவள்தான். அவர்களுக்கு ஒரு காலண்டர் உண்டு, எந்த மாதம் துணி, எந்த மாதம் கண்ணாடி, எந்த மாதம் மின்சாமான் என்று. அந்த மாதத்துக்காக நான் பழைய மிக்சி, எமர்ஜென்சி லைட், ஃபியூஸ் போன சிஎஃப்எல் பல்பு எல்லாம் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைப்பேன்.

ஒரு தடவை அந்தப் பல்பு பெட்டியை சேனையிலிருந்து வந்த சேச்சி கையில் தூக்கிக் கொடுக்கும்போது ஒன்று விழுந்து உடைந்துவிட்டது. அவர் என்னையும் பிள்ளைகளையும் வெளியே போகச் சொல்லி, ஜன்னலைத் திறந்து விட்டு, கால் மணி நேரம் கழித்து அட்டையால் வழித்து ஈரத்துணியால் துடைத்தார். துடைப்பத்தால் கூட்டக் கூடாதாம், உள்ளே பாதரசம், கூட்டினால் பரவும். ஐந்து வருஷமாக அந்தப் பல்பு உடைந்தால் நான் கூட்டித்தான் தள்ளியிருக்கிறேன். ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி பக்கம் இருக்கிற என் தங்கை வீட்டில் இந்த மாதிரி வீடு தேடி வந்து எடுக்க யாரும் இல்லை. வருஷத்துக்கு ஒரு பை நிறைய எனக்குக் கொண்டுவந்து கொடுப்பாள்.

ரப்பர் தோட்டம், மார்த்தாண்டம்

பழைய இரும்புக் கடையை எங்கள் பக்கம் ஆக்கர் கடை என்றுதான் சொல்வோம். என் அனுபவம் இன்வெர்ட்டர் பேட்டரி. ஆக்கர்காரர் வந்தார், எடை பேசினார், ஆசிட் இருந்தால் எடையில் கழிக்க வேண்டும் என்று சொல்லி, நான் உள்ளே காசு வாங்கப் பை எடுக்கப் போன நேரத்தில் தென்னை மூட்டில் பேட்டரியைச் சரித்து முழுவதையும் கொட்டிவிட்டார். ஒரு வாரத்தில் அந்த இடத்துப் புல் வெந்து வெளுத்தது. கிணறு அங்கிருந்து இருபதடிதான். ஆசிடை அடக்கச் சுண்ணாம்பு போடலாம், ஆனால் கூடவே போன ஈயத்தை என்ன செய்ய? மேல்மண்ணை வெட்டி டிரம்மில் மூடி வைத்திருக்கிறோம், அந்தக் கிணற்றுத் தண்ணீரை மாட்டுக்குக்கூடக் கொடுப்பதில்லை.

மக்களே, பேட்டரிதான் இருக்கிறதிலேயே சுலபமான சாமான், அதைப் போய் இப்படி விட்டேனே என்று இன்றும் வருத்தம். ஈயத்துக்கு விலை இருப்பதால் புது பேட்டரி வாங்குகிற கடையே பழையதை எடுத்து விலையில் கழித்துக்கொள்ளும். விற்ற கம்பெனிகள் திரும்ப எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் அரசு விதியே வந்துவிட்டது. மூடி திறக்காமல், ஆசிடோடு, நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கூலிங் மெக்கானிக், நகரி

செங்கோட்டை அண்ணன் ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அது என் தொழில். நான் ஆந்திரா பக்கம், வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும். எங்கள் தெருவில் பழைய சாமான்காரர் "பாத இனுப சாமான்லு கொண்டாம்" என்று கூவிக்கொண்டு வருவார். தெலுங்கில் கொண்டாம் என்றால் வாங்குகிறோம் என்று அர்த்தம், சின்ன வயதில் எனக்கு அது "கொண்டா" என்றுதான் கேட்கும், கையில் கிடைத்த டம்ளரை எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

1998 ஃபிரிட்ஜ் என்றால் உள்ளே குளிரூட்டுவது பெரும்பாலும் ஆர்-12 கேஸாக இருக்கும், இல்லையென்றால் 134ஏ. கம்ப்ரஸர் மேல் இருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும், பாருங்கள். ஆர்-12 ஓசோனைத் தின்கிற கேஸ், 2010-லிருந்து நம் நாட்டில் அதை நிறுத்தியாயிற்று. 134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் சூட்டைப் பிடித்து வைப்பதில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். பழைய இரும்புக்காரர் என்ன செய்வார் தெரியுமா, பின்னால் இருக்கிற செப்புக் குழாயை பிளையரால் ஒரு நறுக்கு. ஸ்ஸ்ஸ் என்று பத்து நொடி, அவ்வளவுதான், இத்தனை வருஷம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது வானத்துக்குப் போய்விடும். அப்புறம் கம்ப்ரஸரை எண்ணெயோடு கழற்றி உருட்டிக்கொண்டு போவார், எண்ணெய் வழி நெடுக ஒழுகும். நானே ஆரம்ப காலத்தில் அப்படி நறுக்கியவன், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் செய்தார்கள், தப்பென்று தெரியவில்லை.

இப்போது வருகிற ஃபிரிட்ஜில் ஆர்-600ஏ, தீப்பிடிக்கிற கேஸ், மஞ்சள் முக்கோணத்தில் நெருப்புப் படம் இருக்கும். அதை பீடி வாயில் வைத்துக்கொண்டு நறுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். ஸ்பிளிட் ஏசி கழற்றும்போது மெக்கானிக்கிடம் "பம்ப் டவுன் பண்ணிக் கழற்றுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், கேஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள்ளேயே அடைந்துவிடும், ஐந்து நிமிஷ வேலை. ஃபிரிட்ஜில் அப்படி அடைக்க முடியாது, கேஸை உறிஞ்சி எடுக்கிற ரெக்கவரி மெஷினும் சிலிண்டரும் உள்ள ஆளைத்தான் தேட வேண்டும்.

இதை மட்டும் மறக்காதீர்கள் அண்ணா: ஃபிரிட்ஜை வெளியே நிறுத்தி வைப்பதாக இருந்தால் கதவைக் கழற்றி விடுங்கள். விளையாட்டுப் பிள்ளைகள் உள்ளே போய் மூடிக்கொண்டால் சத்தம்கூட வெளியே கேட்காது.

ஏலக்காய், குமுளி

எனக்கு நடந்தது போன் விஷயத்தில். பழைய போனுக்கு பிளாஸ்டிக் தொட்டி தருகிறோம் என்று பைக்கில் வந்தார்கள், திரை உடைந்து டிராயரில் கிடந்ததைக் கொடுத்துவிட்டு ஒரு தொட்டி வாங்கினேன். சிம்மை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் மகளுக்கு என் நம்பரிலிருந்து யாரோ கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள், பிள்ளை பயந்துபோனாள். கம்பம் போய் சிம்மை பிளாக் பண்ணி, பேங்கில் சொல்லி, இரண்டு நாள் அலைந்தேன். தொட்டி இன்னும் குளியலறையில் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

இரும்புக்கடை மகன், ஊத்துக்கோட்டை

எல்லாருடையதையும் படித்தேன். என் அப்பா முப்பது வருஷமாகப் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார், அந்தக் காசில்தான் நான் படித்தேன். கோபமாக எழுதவில்லை, கடைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வயரை எரிப்பது சீக்கிரம் முடியும் என்பதால்தான், ஆனால் எரித்த செம்பு கறுத்துப்போவதால் மொத்த வியாபாரி கிலோவுக்கு விலையைக் குறைத்துவிடுவார். தோலை உரித்த பளபளப்புச் செம்புக்கு நல்ல விலை. அப்பா இதைப் புரிந்துகொண்டு கடையில் எரிப்பதை நிறுத்தினார், ஒரு கத்தியைப் பலகையில் அடித்து வைத்து அதில் வயரை இழுத்து உரிப்போம். அதற்கு முன்னால் எரித்த காலத்தில் அப்பாவுக்கு வந்த இருமல் இன்னும் போகவில்லை. அந்தப் புகை முதலில் எங்கள் நெஞ்சுக்குள்தான் போனது.

டியூப் டிவி விஷயத்தில் அண்ணாச்சி சொன்னது முழுக்க உண்மை, அந்தக் கண்ணாடிக்கு வாங்குகிற ஆள் கிடையாது. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்காரர்கள் லாரிக் கணக்கில் சேர்ந்தால்தான் வருவார்கள், ஒரு டிவிக்காக யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். நீங்கள் 150 ரூபாய் கேட்டீர்கள், அவர் செம்பையும் போர்டையும் எடுத்தால்தான் அந்த 150 திரும்ப வரும், டீசல் காசும் வரும். கண்ணாடியைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க அதில் பணமில்லை. அவர் வாய்க்காலில் போட்டது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் டியூப் டிவிக்குக் காசு கேட்காமல், வண்டி வாடகையை நீங்கள் கொடுத்தால் எடுத்துப்போகிற ஆள் கிடைப்பார். அப்பா இப்போது அப்படித்தான் எடுக்கிறார், நூறு பேரில் பத்துப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

சாரல்காரன், செங்கோட்டை

எல்லாருக்கும் நன்றி. இரும்புக்கடைத் தம்பி எழுதியதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த 150 ரூபாயை வாங்கி நான் என்ன வாங்கினேன் என்றுகூட ஞாபகம் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஃபிரிட்ஜின் ஸ்டிக்கரில் ஆர்-12 என்றுதான் இருந்தது. ஏசி வேலை பார்க்கும் ஒருவரைத் தென்காசியிலிருந்து கூப்பிட்டேன், மெஷின் கொண்டுவந்து உறிஞ்சினார், ஏற்கெனவே கசிந்துபோய் கொஞ்சம்தான் மிச்சம். கதவைக் கழற்றியாயிற்று. அம்மாவின் புளிப்பானை இப்போது அடுக்களை மூலையில்.

டியூப் டிவிக்குத் தெருவில் பேசிப் பார்த்தேன். ஒரே திட்டத்தில் வந்தது, வீட்டுக்கு வீடு மச்சிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணையில் ஏழு டிவி வந்து சேர்ந்தது, என் இரண்டு மூட்டைக் கண்ணாடியும் கூட. ஆலைக்குச் சரக்கு சேர்க்கிற ஒருவர் மதுரையில் இருக்கிறார், எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். டிவி கொடுத்தவர்கள் ஆளுக்கு 150 போட்டார்கள், வண்டி வாடகையில் பாக்கி என்னுடையது.

ஏற்றுவதற்கு முன்னால் கோடிவீட்டு ஆச்சி, "ஒருக்கா போட்டுப் பாத்துருவோமே" என்று தன்னுடைய டிவி வயரை எங்கள் பிளக்கில் சொருகினார். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் லேசாக ஒரு சத்தம், திரை வெளுத்து, புள்ளி புள்ளியாகக் கொதிக்க ஆரம்பித்தது. ஆச்சி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வயரைச் சுருட்டி மேலே வைத்து, "இது ஓடுதுல்லா, இதை நான் கொண்டுபோறேன்" என்றார். பேரனை விட்டுத் தூக்கச் சொல்லிக் கொண்டுபோய்விட்டார். ஆறு டிவிதான் மதுரைக்குப் போனது.