சேணம் பொருந்துகிறதா என்பதைத் தெர்மல் கேமரா சொல்லுமா?

வெண்புரவி:
பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று எங்கள் சென்னைப் பயிற்சிப் பள்ளிக்கு வந்த பெண் குதிரை ஒன்று, ஒரு மாதமாகச் சேணத்தைக் கண்டாலே காதுகளைப் பின்னால் மடக்குகிறது. வயிற்றுவாரை இறுக்கினால் கடிக்கத் திரும்புகிறது. கைப்பேசியில் பொருத்தும் தெர்மல் கேமராவை (சூட்டைப் படமாகக் காட்டும் கருவி) இரவல் வாங்கி, நாற்பது நிமிடச் சவாரி முடிந்ததும் முதுகையும் சேணத்தின் அடிப்பக்கத்தையும் படமெடுத்தேன். இடது தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம், வலப்பக்கத்தைவிட 2 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தது. சேணத்தின் இடது பட்டையிலும், அதாவது முதுகில் படியும் கம்பளி அடைத்த மெத்தையிலும், அதே இடம்தான் சூடு. நடுப்பகுதி சூடில்லாமல் இருண்டு கிடந்தது, அதாவது சேணம் முன்னும் பின்னும் ஊன்றி நடுவில் பாலம்போல் தூக்கி நிற்கிறது. வாய் பேசாத உயிருக்கு இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்? பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பே போட்டிக் குதிரைகளின் கால்களை இப்படித்தான் சோதிக்கிறது. எல்லாப் பள்ளிகளும் ஒரு கேமரா வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

மலைக்கால்நடை மருத்துவர்:
அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. அந்தக் கருவி தோலின் மேற்பரப்பு வெப்பத்தை மட்டுமே காட்டுகிறது, வலியையோ தசையின் உள்நிலையையோ அது பார்ப்பதில்லை. படமெடுப்பதற்கு முன் குதிரை வெயிலும் காற்றும் படாத இடத்தில் இருபது நிமிடமாவது நிற்க வேண்டும்; சுற்றுப்புறம் 20 டிகிரியை ஒட்டியிருந்தால் நல்லது, 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் இதற்கு வழி ஏது? தேய்த்த தூரிகை, பூசிய தைலம், ஈர ரோமம், கத்தரித்த ரோமம் என எதுவும் படத்தை மாற்றிவிடும். இருண்ட இடத்துக்கும் இரண்டு பொருள் உண்டு: சேணம் அங்கே படாமல் இருக்கலாம், அல்லது இரத்தம் ஓட முடியாத அளவுக்கு அழுத்தியிருக்கலாம். படம் மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இடப்பக்கச் சூட்டுக்குச் சேணம்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பின்னங்கால் நொண்டும் குதிரையின் மேல் சேணம் பெரும்பாலும் நொண்டும் கால் பக்கமாக நழுவும். மரப்பு ஊசி போட்டு அந்த வலியை நிறுத்தினால் நழுவலும் நின்றுவிடுவதைக் காணலாம். சவாரி செய்பவர் ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்தாலும் இதே படம்தான் வரும். கூட்டமைப்பின் சோதனையிலும் வெப்பப் படத்தோடு கைப்பரிசோதனையும் சேர்ந்தே இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவின் குதிரை ஒன்று, முன்னங்கால் குளம்புக்கு மேலே மிகையுணர்ச்சி (தொட்டாலே அளவுக்கு மீறிக் கூசுவது) இருந்ததால் விலக்கப்பட்டது; யாரும் தவறு செய்ததாகக் கூட்டமைப்பு குற்றம் சாட்டவில்லை. ஆனாலும் அந்த முடிவின் மீது எவ்வளவு கசப்பான வாதம் எழுந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சேணம் தைப்பவன்:
டாக்டர் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். படத்தைக் காட்டிப் புதுச் சேணம் விற்பவர்களைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் சேணத்தின் அடிப்பக்கப் படம் வேறு வகை. அதில் ரோமம் இல்லை, நோய் இல்லை. எங்கே உடல் அழுந்தி உரசியது என்பதன் தடம் மட்டுமே இருக்கிறது. சவாரி முடிந்த ஓரிரு நிமிடத்துக்குள் எடுத்தால் அதை நம்பலாம். பந்தயத்தை விட்டு வந்த குதிரைக்கு உணவும் வேலையும் மாறுவதால் நாலைந்து மாதத்தில் முதுகுத் தசையே உருமாறிவிடும், வந்த வாரத்தில் பொருந்திய சேணம் இன்று பொருந்தாது. அம்மா, தோள்மேட்டில் புதிதாக வெள்ளை ரோமம் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். நீடித்த அழுத்தத்துக்கு அது பழைய அடையாளம்.

வெண்புரவி:
வெள்ளை ரோமம் இல்லை ஐயா. டாக்டர் வெயிலைப் பற்றிச் சொன்னதால் படத்தின் நேரத்தைப் பார்த்தேன்: மாலை 4:50. வடக்கு நோக்கிக் கட்டியிருந்தோம், ஆகவே மேற்கு வெயில் முழுவதும் இடப்பக்கத்தில்தான் விழுந்திருக்கிறது. முதுகுப் படத்தை நான் திரும்பப் பெறுகிறேன். சேணத்தை மட்டும் உள் அறையில் வைத்துத்தான் எடுத்தேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்று இடது பட்டையை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். சூடாகத் தெரிந்த அதே இடத்தில் கம்பளி திரண்டு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டியாக இருக்கிறது. கேமரா காட்டியிராவிட்டால் அங்கே விரல் வைத்திருக்கவே மாட்டேன்.

மலைக்கால்நடை மருத்துவர்:
சேணத்தின் படத்தை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கட்டி காரணமா விளைவா என்பது இன்னும் தெரியவில்லை. ஒருவர் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தாலும் கம்பளி அங்கேதான் திரளும். குதிரையை ஆள் ஏறாமல், சேணமும் இல்லாமல், கெட்டித் தரையில் நேர்கோட்டில் ஓடவிட்டுப் நொண்டுகிறதா என்று பின்னிருந்து இடுப்பின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். பிறகு கம்பளியைச் சீர்செய்து, வேறொருவரை ஏற்றி அடிப்பக்கத்தை மறுபடி படமெடுங்கள். நடையைப் பார்த்துக் கம்பளியைச் சீர்செய்யும்வரை அதன் முதுகில் எதையும் ஏற்றாதீர்கள்.

சேணம் தைப்பவன்:
கம்பளியைப் பிரிக்குமுன் அந்தக் கட்டியையும் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள் அம்மா. ஒரு பக்கம் மட்டும் பிரித்தால் சமன் கெட்டுவிடும், இரண்டு பட்டைகளையும் சேர்த்தே பிரிக்கச் சொல்லுங்கள்.