மண்ணு செவுத்துல துப்பாக்கிப் பொட்டி நிக்க மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வணக்கமுங்க, பர்கூர் மலையடிவாரத்துல தோட்டம். காட்டுப்பன்னி வெரட்ட எங்கய்யன் பேர்ல பயிர் பாதுகாப்பு லைசென்ஸ் இருக்குது, 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி, குழல் மட்டும் 28 இஞ்ச். 5 வருச லைசென்ஸ் முடியப்போகுதுன்னு ரினிவலுக்குக் குடுத்தோம், விசாரணைக்கு வந்த போலீஸ்காரரு மரபீரோவப் பாத்துட்டு இது ஆகாது, செவுத்தோட சேத்து முடுக்குன இரும்புப் பொட்டி வேணும், தோட்டா தனியா பூட்டியிருக்கோணும்னுட்டாரு. நாயந்தானுங்க, பேரப்புள்ளைங்க ஓடற வீடு.

ஆனா சாளை பழைய ஓட்டு வீடு, மண்ணு செவுரு. பட்டறைல சொல்லி நெட்டப் பொட்டி அடிச்சாச்சு, ஆங்கர் போல்ட்டு போட்டா செவுரு பொலபொலன்னு உதுருது, ஓட்டைல சிமெண்ட்டுக் கலவை வெச்சும் பாத்தேன், ரெண்டு நாள் காயவிட்டு இழுத்தா கலவைக்கட்டியோட சேந்து கையோட வருது. தரையில முடுக்கலாம்னா அதுவும் சாணி மொழுகுன தரை. துப்பாக்கிக் கடை டீலர்கிட்டயே துப்பாக்கிய டெபாசிட் பண்ணி வெக்கச் சொல்றாங்க சிலபேரு, நடுராத்திரி மக்காச்சோளக் காட்டுல பன்னி எறங்குனா டீலரையா எழுப்பறது? வீட்டுல வேற கான்கிரீட் செவுரே இல்லீங்க, மறுபடி பாக்க வருவாங்க.

மண்ணு செவுத்து வீட்டுல இருக்கறவங்க, போலீஸ் ஒத்துக்கற மாதிரி பொட்டிய எதுல, எப்படி முடுக்குனீங்க?