ஸ்லீவ் முடிந்து ஒன்றரை வருடம்: பசி திரும்பிவிட்டது, இனிமேல் எப்படிச் சாப்பிடுவது?

மாலைவெயில் கேட்டது:

எனக்கு 41 வயது. எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் வருடம் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கவே தேவை இருக்கவில்லை. பசி எடுக்காது, மணி பார்த்துத்தான் சாப்பிடுவேன். நாலு வாய் உள்ளே போனதும் போதும் என்றாகிவிடும். எடையும் இறங்கிக்கொண்டே வந்தது.

இப்போது சில மாதங்களாகப் பசிக்கிறது. மதியம் அளவாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் நாலு மணிக்கு மேல் இரவுச் சாப்பாடு வரைக்கும் கை எதையாவது தேடிக்கொண்டே இருக்கிறது. பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் எல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இறங்கிவிடுகின்றன. ஒரு துண்டு கோழி சாப்பிட்டால் மட்டும் நெஞ்சில் நின்றுகொள்கிறது. எடை இறங்குவது நின்று, போன மாதம் ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது.

வயிறு விரிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. எனக்குத் தந்த உணவு அட்டவணையில் திரவம், கூழ், மென்மையான உணவு என்று வாரக் கணக்கில் எல்லாம் இருக்கிறது. கடைசி வரியில் 'சாதாரண உணவு' என்று போட்டு முடித்துவிட்டார்கள். அந்தக் கடைசி வரியில்தான் நான் இன்னும் முப்பது, நாற்பது வருடம் வாழ வேண்டும். ஆயுள் முழுக்க கிராம் கணக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமா? பல வருடம் தாண்டியவர்கள் சொல்லுங்கள்.

செங்காந்தள் எழுதியது:

தோழி, எனக்கு இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேராக இணைப்பது) செய்து பத்து வருடத்தை நெருங்குகிறது. ஸ்லீவும் பைபாஸும் வேறு வேறுதான், ஆனால் நீங்கள் இப்போது நிற்கும் இடம் இரண்டுக்கும் பொது.

ஸ்லீவில் இரைப்பையில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதம் வரை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. முதல் வருடம் பசி தெரியாமல் இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். பிறகு உடம்பு மெல்லப் பழகிக்கொள்ளும், பசியும் ஓரளவு திரும்பும். மிச்சமிருக்கும் பை கொஞ்சம் தளர்வதும் எதிர்பார்த்ததுதான். பெரும்பாலானவர்களுக்கு 12 முதல் 24 மாதத்துக்குள் எடை அதன் அடிமட்டத்தைத் தொட்டு, அப்புறம் கொஞ்சம் ஏறித்தான் நிலைக்கு வரும். ஒரு மாதத்து ஒன்றரை கிலோவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உடம்பில் தேங்கும் தண்ணீரே அவ்வளவு ஆடும். மாதக் கணக்கில் ஏறிக்கொண்டே போனால்தான் கவனிக்க வேண்டும்.

சரி, சாயங்கால விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது அதுதான். கொறிப்பதை நிறுத்தப் போராடாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு சாப்பாட்டை வையுங்கள்.

நமக்கு மதியம் உள்ளே போவதே கொஞ்சம். பன்னிரண்டரைக்கு ஒரு கைப்பிடி சாப்பிட்டுவிட்டு இரவு எட்டரை வரை சும்மா இருந்தால், எட்டு மணி நேரம் எந்த உடம்பு சும்மா இருக்கும்? நான் நாலரை மணியை என்னுடைய மூன்றாவது வேளையாகவே ஆக்கிவிட்டேன். தட்டில் போட்டு, உட்கார்ந்து, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடுவேன். இரண்டு அவித்த முட்டையும் வெள்ளரியும், இல்லையென்றால் கெட்டித் தயிரில் கொஞ்சம் பாதாம், முந்திரி மாதிரிப் பருப்புகள். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டைச் சின்னதாக வைத்துக்கொண்டால் போதும். நாளுக்கு நாலு வேளை, நாலுக்கும் ஒரு தொடக்கமும் முடிவும். நடுவில் தண்ணீர் மட்டும். எனக்கு இத்தனை வருடம் கைகொடுத்தது இந்த ஒழுங்குதான், கிராம் கணக்கு அல்ல.

பிஸ்கட் இறங்கி கோழி நிற்பதற்குக் காரணம் உண்டு. வாயிலேயே கரைந்து கூழாகும் பண்டங்கள் இரைப்பையில் தங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் எவ்வளவு சாப்பிட்டாலும் நிறைந்த உணர்வு வராது. கெட்டியான புரதம் தங்கும், நிறைவும் தரும். ஆனால் வறண்ட கோழி நெஞ்சுக்கறியைப் பெரிய துண்டாக, அவசரமாக விழுங்கினால் யாருக்கும் நிற்கும். குழம்பிலோ சாறிலோ ஊறியதாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுங்கள். மீனும் முட்டையும் இன்னும் சுலபம்.

தட்டில் முதலில் புரதம், அடுத்து காய்கறி, இடம் மிச்சமிருந்தால் சோறோ ரொட்டியோ. இந்த வரிசையை மட்டும் நான் விட்டதே இல்லை, விருந்துக்குப் போனாலும் சரி. புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல். ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், கண் அளவு வந்துவிடும். பிறகு நோட்டை மூடிவிடலாம். எடை ஏறுகிற மாதிரி தெரிந்தால் மறுபடி ஒரு வாரம் எழுதினால் போதும்.

சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி நேரமும் வேண்டாம். மற்ற நேரத்தில் சிறு சிறு மடக்காக ஒன்றரை லிட்டராவது குடித்துவிடுங்கள். தாகத்தைப் பசி என்று நினைத்துக்கொள்வது நிறையப் பேருக்கு நடக்கிறது.

வேங்கை77 எழுதியது:

சகோதரி, ஐந்து நாள் முழுக்கத் திரவ உணவில் இருந்து வயிற்றைப் பழைய அளவுக்குச் சுருக்கும் முறை ஒன்று இருக்கிறது. என் நண்பர் செய்தார், மூன்று கிலோ குறைந்தது. ஒருமுறை முயன்று பாருங்கள்.

செங்காந்தள் எழுதியது:

வேங்கை தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இதில் நான் உடன்படவில்லை. ஐந்து நாள் திரவம் குடித்தால் இரைப்பை சுருங்காது. குறையும் எடையில் பெரும்பகுதி தண்ணீர், சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்ததும் திரும்பிவிடும். அதைவிட எனக்குக் கவலை தருவது, கஷ்டப்பட்டுப் பழகிய நாலு வேளை ஒழுங்கு அந்த ஐந்து நாளில் கலைந்துபோவது. ஆறாவது நாள் பசி எப்படி இருக்கும் என்று உங்கள் நண்பருக்குத்தானே தெரியும்.

நெய்தல் எழுதியது:

நான் உணவியல் நிபுணர், இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களோடுதான் வேலை. செங்காந்தள் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மாலைவெயில், மாத்திரைகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஒன்றரை வருடம் ஆனதும், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்லீவ்தானே, குடலைத் தொடவில்லையே என்றும் நினைக்கிறார்கள். ஆனால் வைட்டமின் பி12 உடம்பில் சேர இரைப்பையின் அமிலமும் அது சுரக்கும் ஒரு புரதமும் தேவை. இரைப்பையின் பெரும்பகுதி இல்லாதபோது இரண்டுமே குறையும். கல்லீரலில் இருப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரிய வருடங்கள்கூட ஆகலாம். பாதம் மரத்துப்போய், நடை தடுமாறும் நிலையில் வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம், தேவைக்கேற்ப இரும்புச்சத்து, இவை ஆயுளுக்கும் உண்டு. கால்சியம் உணவும் மாத்திரையுமாகச் சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை வேண்டும், மாத்திரையை ஒரே வேளையில் போடாமல் பிரித்துப் போடுங்கள். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

நெஞ்சில் நிற்பது, மென்று சாப்பிட்ட பிறகும் தொடர்ந்தாலோ, மீன், முட்டைக்கும் நடந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்லீவுக்குப் பிறகு அமிலம் மேலேறுவது உண்டு, பை ஓரிடத்தில் குறுகுவதும் உண்டு. சில நாள் தொடர்ந்து வாந்தி எடுத்தால் காத்திருக்கவே கூடாது. வைட்டமின் பி1 வேகமாகக் குறைந்து மூளையையும் நரம்பையும் பாதிக்கும்.

மாலைவெயில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நெய்தல், மல்டிவைட்டமினும் கால்சியமும் போடுகிறேன், பி12 பட்டியலில் இல்லை, இந்த வாரமே கேட்கிறேன். செங்காந்தள் அக்கா, நாலரை மணிச் சாப்பாட்டை ஆரம்பித்துவிட்டேன். கோழியை விட்டு மீனுக்கு மாறியதும் நெஞ்சில் நிற்பது இல்லை. இன்னொரு சந்தேகம். காலையில் ஜாம் தடவிய ரொட்டியும் பழச்சாறும் எடுத்த நாட்களில் இரண்டு மணி நேரம் கழித்து வியர்த்து, கை நடுங்கி, உடனே எதையாவது சாப்பிட வேண்டும் போல வருகிறது. இதுவும் பசிதானா?

நெய்தல் எழுதியது:

இல்லை, இது இரத்தச் சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் போய் ஏற, இன்சுலின் தேவைக்கு அதிகமாகச் சுரந்து, சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அளவைக் கீழே தள்ளிவிடும். பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் வரும். அந்த நேரத்தில் மறுபடி இனிப்பை மட்டும் சாப்பிட்டால் இதே சுற்று திரும்ப ஆரம்பிக்கும். நடுக்கம் வந்தால் கொஞ்சம் குளுக்கோஸ், அது அடங்கியதும் தயிரோ முட்டையோ சாப்பிடுங்கள். காலையில் பழச்சாற்றை நிறுத்தி, முட்டையை முதலில் சாப்பிட்டு, ரொட்டியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நடுங்கும்போதே ஒருமுறை பார்த்து, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்பதோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வண்டி ஓட்டும்போது வந்தால் ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள்.