மறுமொழி: வாலண்டியர் இன்ஃபன்ட்ரி ரெஜிமென்ட் - 'தன்னார்வலர்' பொருந்தவில்லை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

'வாலண்டியர் இன்ஃபன்ட்ரி'க்கு இங்கே வந்த 'தன்னார்வலர் காலாட்படை' என்ற பரிந்துரையை அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில் போட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் பலமாக இடறியது.

1863 மே மாதம். மெய்ன் மாநிலத்தின் 2-ஆம் ரெஜிமென்ட்டுக்கு (ஏறக்குறைய ஆயிரம் பேரோடு தொடங்கும் படை அலகு) இரண்டாண்டுத் தவணை முடிகிறது. பெரும்பாலோர் ஊருக்குக் கிளம்புகிறார்கள். ஆனால் சுமார் 120 பேர் கையெழுத்துப் போட்டிருந்தது மூன்றாண்டுத் தாளில். தாங்களும் இரண்டாண்டுக்கே சேர்ந்ததாக நம்பியிருந்த அவர்கள் இனிப் போரிட மாட்டோம் என்றார்கள். அவர்களைப் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) காவலோடு, அதே மாநிலத்தின் இன்னொரு ரெஜிமென்ட்டான 20-ஆம் மெய்னின் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பணியாவிட்டால் சுடலாம் என்று அதன் தலைவர் சேம்பர்லினுக்கு உத்தரவு. அவரோ முதலில் சாப்பாடு போட்டார்; வந்தவர்கள் அவ்வளவு பசியில் இருந்தார்கள். அப்புறம் குறையைக் காதுகொடுத்துக் கேட்டார். மிகப் பெரும்பாலோர் திரும்பத் துப்பாக்கி எடுத்தார்கள். ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க் சண்டையில், லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில், வடவர் அணியின் இடக்கோடியில் தோட்டா தீர்ந்துபோய், பயனெட்டோடு சரிவில் பாய்ந்த படையில் அவர்களும் இருந்தார்கள்.

இவர்களைத் 'தன்னார்வலர்' என்றால் வாசகர் என்ன நினைப்பார்? வெள்ளத்தின்போது சோற்றுப் பொட்டலம் கொடுப்பவர்தான் நமக்குத் தன்னார்வலர். அவருக்குச் சம்பளம் இல்லை; முடியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அப்படிப்பட்டவரை எதற்குச் சுட வேண்டும்? இந்தச் சிப்பாய்களுக்கோ மாதம் 13 டாலர் சம்பளம், உறுதிமொழி, தவணை எல்லாம் உண்டு. சேர்வது மட்டுமே அவர்கள் விருப்பம். 'தொண்டர் படை' இலங்கை இராணுவத்தில் வழங்கும் சொல்தான். தமிழ்நாட்டில் அது கட்சி மாநாட்டுப் பந்தலை நினைவூட்டும்.

என் பரிந்துரை: விருப்பச்சேர்ப்புக் காலாட்படையணி. 'விருப்ப ஓய்வு' நம் அலுவலகங்களில் புழங்கும் சொல், அதை யாரும் தொண்டு என்று நினைப்பதில்லை. 'விருப்பப் படை' என்று சுருக்கினால் விருப்பப் பாடம் போல ஆகிவிடும், அதனால் 'சேர்ப்பு' இருக்கட்டும். அதே 1863-இல் வந்த கட்டாயச் சேர்ப்புக்கும் நேர் இணையாக அமைகிறது.

ரெஜிமென்ட்டுக்குப் 'படைப்பிரிவு' வேண்டாம். பல ரெஜிமென்ட்டுகள் அடங்கிய டிவிஷனுக்கும் அதையே எழுதிக் குழப்புகிறோம். ஈழத்து நாளிதழ்களில் வரும் 'படையணி' போதும். ரெஜிமென்ட்டின் உட்பிரிவான கம்பெனி, கம்பெனியாகவே இருக்கலாம்.

தவணை முடிந்து மொத்தப் படையணியையும் கலைத்து அனுப்புவதற்கு 'படைவிடுப்பு' சரியா? விடுப்பு என்றாலே லீவு என்று படிப்பார்களோ என்று தயங்குகிறேன். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.