கருகிய காட்டில் மீட்சியை எப்படி வரைவது?

கேள்வி

காட்டுத்தீ கடந்துபோன ஒரு மலைச்சரிவைத் தொடராக வரைந்துகொண்டிருக்கிறேன். அக்ரிலிக், பெரிய கேன்வாஸ். அழிவு கைக்கு வருகிறது: சாம்பல், கருத்த அடிமரங்கள், வெளிறிய வானம். ஆனால் நிலம் மீண்டு வருவதைக் காட்ட ஓரத்தில் பச்சையாக ஒரு துளிர் வைத்ததும் படம் சுற்றுச்சூழல் தினச் சுவரொட்டி ஆகிவிடுகிறது. துளிரை எடுத்துவிட்டால் வெறும் ஒப்பாரி. இரண்டும் வேண்டாம். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில் 1

அங்கே எரிந்தவை என்ன மரங்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள், ஏனென்றால் மீட்சி மரத்துக்கு மரம் வேறு. யூகலிப்டஸ் வகைகள் பலவற்றில் பட்டைக்கு அடியில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். மேல்கிளைகள் எரிந்ததும் அவை விழித்து, கருகிய தண்டு நெடுக இலைக்கொத்துகளாகப் பொங்கி வரும். அந்த இளம் இலைகள் பல நேரம் பச்சையே இல்லை. செம்பு நிறம், சிவப்பு. பைன்களில் பெரும்பாலானவை அப்படித் தழைக்காது. அடிமரம் கருப்பாகவே நிற்கும், உயிர் தரையில் விதையிலிருந்து வரும். லாட்ஜ்போல் பைனின் பல கூம்புகள் பிசினால் மூடியிருக்கும். சூட்டில் பிசின் உருகினால்தான் விதை வெளியே விழும். ஆக, யூகலிப்டஸ் காட்டில் உங்கள் புது நிறம் செங்குத்தாக ஏறும், பைன் காட்டில் கிடையாகப் பரவும். படத்தின் அமைப்பே மாறிவிடுகிறது, பாருங்கள்! எந்தக் காட்டுக்கும் பொருந்தும் துளிர் எந்தக் காட்டுக்கும் சொந்தமில்லை. அதனால்தான் அது சுவரொட்டி ஆகிறது.

ஜான் வோல்ஸ்லியின் படங்களை அவசியம் தேடிப் பாருங்கள். இங்கிலாந்தில் பிறந்து 1976-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். எரிந்த புதர்க்காட்டுக்குள் பெரிய தாள்களை எடுத்துப் போய்க் கருகிய கிளைகள்மேல் உரச விடுவார். கரிக்கோடுகளைப் புதரே போட்டுவிடும். அதே தாளில் பறவைகளையும் செடிகளையும் வாட்டர்கலரில் நுணுக்கமாக வரைவார். எனக்கு இதைவிட நேர்மையான நிலக்காட்சி தெரியாது.

பதில் 2

நான் வண்ணத்திலிருந்து தொடங்குவேன். அமெரிக்காவின் ஒஹாயோவில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து அமிலநீர் கசிந்து ஓடைகளை ஆரஞ்சு நிறமாக்குகிறது. நீர்வாழ் உயிர்கள் மடிகின்றன. ஓவியர் ஜான் சாப்ராவும் பொறியாளர் கை ரீஃப்லரும் அந்த நீரிலிருக்கும் இரும்பை ஆக்சைடாகப் படியவைத்துப் பிரித்து நிறமியாக்குகிறார்கள். உலர்த்தினால் மஞ்சள் காவி, சுட்டால் செங்காவி. அதை வைத்து வரையும்போது மீட்சி என்பது படத்தின் பொருள் மட்டுமில்லை, அந்த வண்ணத்துக்கே நடந்த ஒன்று. உங்கள் சரிவில் கரி கிடைக்குமே, அரைத்துப் பார்த்தீர்களா?

அப்புறம் ஒரு வேண்டுகோள்: தூரிகை கழுவிய அக்ரிலிக் நீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். கீழே படியவிட்டு, கசடைத் தனியே எடுத்துவிடுங்கள்.

பதில் 3

மீட்சி ஏன் இதமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். அமெரிக்க ஓவியர் அலெக்சிஸ் ராக்மன் 2004-இல் முடித்த ‘மேனிஃபெஸ்ட் டெஸ்டினி’ ஓவியம் 24 அடி நீளம். கடல் ஏறி மூழ்கிய புரூக்ளின், நியூயார்க்கின் ஒரு பகுதி. நகரம் இடிந்து கிடக்கிறது, நீரில் உயிர்கள் நிறைந்திருக்கின்றன, மனிதர் ஒருவர்கூட இல்லை. அதுவும் மீட்சிதான், நமக்கு இடமில்லாத மீட்சி. முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்று படித்தவர்கள் நாம். நிலம் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், போன வழியே திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பழைய காடு அப்படியே வராமல் போகலாம். அந்தச் சந்தேகத்தையும் வரையுங்கள்.

கேள்வி கேட்டவர்

பெரும்பாலும் பைன். நான் துளிரைத் தண்டில் வைத்துக்கொண்டிருந்தேன், இனி தரையைப் பார்க்கிறேன். கரியை அரைத்து அக்ரிலிக் மீடியத்தில் (நிறமியைப் பிணைக்கும் நிறமற்ற குழம்பு) கலந்தால் திரிதிரியாக நிற்குமா, யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதில் 2

நிற்கும். கரி தண்ணீரோடு சட்டென்று ஒட்டாது. முதலில் சில சொட்டு ஆல்கஹால் விட்டு நனைத்துக் குழைத்துவிட்டு, பிறகு மீடியத்தில் சேருங்கள்.