அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களே, 2010களின் சண்டைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் வாடகை, கார், கிரெடிட் ஸ்கோர் பற்றித்தான். அதெல்லாம் சில மாதங்களில் தானாகப் பிடிபட்டுவிடும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் 2010களில் எதற்கெல்லாம் மல்லுக்கு நின்றார்கள் என்று தெரியாவிட்டால், பக்கத்து வீட்டு வாசலில் நட்டிருக்கும் பலகையும் புரியாது, ஆபீஸில் பேச்சு ஏன் சட்டென்று நின்றது என்பதும் புரியாது. "அது அவங்க அரசியல், நமக்கெதுக்கு" என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

மருத்துவக் காப்பீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்துக்கு முன்னால், சர்க்கரையோ புற்றுநோயோ இருப்பவர் தனியாகக் காப்பீடு வாங்கப் போனால் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி முடியாது என்று சொல்லிவிடலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்பதும் அதில் வந்ததுதான். காப்பீடு வாங்காவிட்டால் அபராதம் என்றதுதான் பலரைக் கொதிக்க வைத்தது. 2012இல் சுப்ரீம் கோர்ட் 5-4 என்று சட்டத்தைக் காப்பாற்றியது, 2013 அக்டோபரில் இதே தகராறில் அரசு அலுவலகங்கள் 16 நாள் மூடிக் கிடந்தன, 2017 ஜூலையில் குடியரசுக் கட்சிக்காரரான ஜான் மெக்கெய்னே நாடாளுமன்ற மேலவையான செனட்டில் கட்டைவிரலைக் கீழே காட்டித் தன் கட்சியின் ரத்து முயற்சியைக் கவிழ்த்தார். மத்திய அரசின் அபராதம் 2019 முதல் பூஜ்யம், ஆனால் கலிஃபோர்னியா, நியூஜெர்சி போன்ற சில மாநிலங்கள் தனியாகப் போடுகின்றன. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அப்பா அம்மா வரும்போது வாங்கும் விசிட்டர் காப்பீட்டை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. பழைய நோய்க்கு என்ன தருகிறார்கள் என்று வரி வரியாகப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

அப்புறம் துப்பாக்கி. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகாவது மாறும் என்று பலர் நம்பினார்கள். துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியைக் கூடுதலாகச் சோதிக்கும் மசோதா 2013 ஏப்ரலில் செனட்டில் 54 ஓட்டு பெற்றும், 60 தேவைப்பட்டதால் தோற்றது. 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லண்டில் ஒரு பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளே தெருவில் இறங்கினார்கள். உங்கள் வீட்டில் இது எப்படி வந்து சேரும் என்றால், கிண்டர்கார்டன் போகும் பிள்ளை ஒரு நாள் சாயங்காலம், "இன்னைக்கு டீச்சர் கதவைப் பூட்டி லைட்டை அணைச்சாங்க, நாங்க எல்லாம் மூலையில சத்தம் போடாம உக்காந்தோம்மா" என்று சொல்லும். அது லாக்டவுன் பயிற்சி, அதாவது துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் நுழைந்தால் ஒளிந்துகொள்ளப் பழகுவது. பதறாமல், முழுக்கக் கேட்டுவிட்டு, நன்றாகச் செய்தாய் என்று சொல்லுங்கள். பிள்ளையை யார் வீட்டுக்காவது விளையாட அனுப்பும் முன், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். மரியாதைக் குறைவே இல்லை, இங்கேயே பிறந்து வளர்ந்த பெற்றோரும் கேட்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லாரும் முரடர் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். அரசியல் சாசனம் தந்த உரிமை என்று மனதார நம்புகிறவர்கள் அவர்கள்.

2014இல் மிசௌரி மாநிலத்து ஃபெர்கசனில் போலீஸ் ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்ற பிறகு நாடு பற்றி எரிந்தது. இந்த விஷயத்தில் நம் ஆட்களிடம் எனக்குக் கோபம் உண்டு. கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தி வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டுகளைத் தயவுசெய்து உங்களோடு நிறுத்துங்கள். அவர்கள் ரத்தம் சிந்தி நடத்திய உரிமைப் போராட்டத்தின் காலத்தில்தான் 1965 குடியேற்றச் சட்டமும் வந்தது, நமக்குக் கதவு திறந்தது அதில்தான்.

நம்மையும் இந்தச் சண்டைகள் விடவில்லை. 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலத்து ஓலேத்தேயில், என் நாட்டை விட்டுப் போ என்று கத்திய ஒருவன் ஓர் இந்தியப் பொறியாளரைச் சுட்டுக் கொன்றான். தடுக்கப் போன உள்ளூர் வெள்ளைக்காரர் ஒருவர் குண்டடி பட்டார். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் கணவன் அல்லது மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் 2015 மே முதல் வேலை பார்க்கலாம் என்று வந்தது, அதை எடுத்துவிடப் போவதாக 2017இல் பேச்சு தொடங்கி 2021 ஜனவரியில்தான் கைவிட்டார்கள். அத்தனை வருடமும் நம் பெண்கள் எத்தனையோ பேர் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமலே ஆபீஸ் போனார்கள்.

பேசுங்கள், ஆனால் முதலில் கேளுங்கள். இணையத்தில் பதிவு போடும்போது, 2019 முதல் விசா விண்ணப்பத்தில் சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கிறார்கள் என்பதை மனதில் வையுங்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்யவா என்று ஒரு கட்டம் இருக்கும். குடியுரிமை வாங்கும்வரை, கிரீன் கார்டு இருந்தாலும் சரி, அதில் டிக் போடவே கூடாது. கவுண்டரில் இருப்பவர் பழக்கத்தில் போட்டுவிட்டாலும் கையெழுத்துக்கு முன் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.